கதவுகள் திறக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு சொன்னார்கள். தானாக எதுவும் பேசுவதில்லை. மெட்ரோ ரயிலில் கேட்ட ‘கதவுகள் இடப்பக்கம் திறக்கும்’ என்பதையே நாளெல்லாம் சொல்கிறான். விருந்தாளிகள் வந்துவிட்டால் இன்னும் அதிகம். எங்களுக்கு மானம் போகிறது. அர்த்தமில்லாத பேச்சு, கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார் பயிற்சி அளிப்பவர். அக்கா வேலைக்குப் போனதும் செல்போனைக் கொடுத்துப் பழக்கியதும்தான் காரணம் என்கிறார் அவள் மாமியார். தை மாதம் எனக்குக் கல்யாணம். அவனை மண்டபத்துக்கு அழைத்து வரலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

செல்போனை விடுங்கள். அது வருவதற்கு வெகு காலம் முன்பே ஆட்டிசம் இருந்தது. தாயைப் பழிப்பதும் பழைய கதைதான். அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் என்ற பேராசிரியர் 1967-இல் ஒரு புத்தகமே எழுதி அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லேண்ட், இது உடல் சார்ந்தது, வளர்ப்பின் கோளாறு அல்ல என்று 1964-லேயே வாதாடியிருந்தார். பேராசிரியருக்கே உறைக்காதது மாமியாருக்கு உறைக்குமா?

எனக்குக் கோபம் ‘அர்த்தமில்லாத பேச்சு’ என்பதில்தான்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். ஆட்டிசம் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேராத காலம். ‘அவன் ஒரு மாதிரி’ என்பதோடு சரி. அவர் பேசியது பெரும்பாலும் வானொலியில் கேட்ட ஒரே வாக்கியம்: ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி.’ அதே நிறுத்தம், அதே கம்பீரம். பிற்பகல் மூன்று மணிக்கும் சொல்வார், நள்ளிரவிலும் சொல்வார். அப்பா அதட்டுவார். நான் பள்ளிக்கூடத்து நண்பர்களிடம் அப்படியே நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

பாட்டி மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போவாள். காலை 7.15-க்கு டெல்லிச் செய்தி தொடங்கும் நேரத்தில்தான் அவள் அவர் தட்டில் இட்லி வைப்பது வழக்கம். அந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்: பசிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு இது தெரிந்திருந்தது. பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியிருந்த எனக்குத் தெரியவில்லை.

பின்னால், லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் டொனால்ட் என்றொரு சிறுவன். ‘ஆம்’ என்று சொன்னால் தோளில் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அப்பா அவனுக்கு அந்தச் சொல்லைக் கற்பிக்கிறார். அதன்பின் நெடுநாள் அவனுக்கு ‘ஆம்’ என்றால் ‘என்னைத் தோளில் தூக்கு’. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை.

கேட்டதையே திருப்பிச் சொல்லும் எல்லா எதிரொலிப் பேச்சுக்கும் இப்படி ஒரு சாவி உண்டு என்று சொல்லவில்லை. சில நேரம் அது சும்மா இன்பம், நாம் பாட்டை முணுமுணுப்பதுபோல. சில நேரம் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளும் வழி. ஆனால் கேட்டுப் பார்க்காமலே ‘அர்த்தமில்லை’ என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? விருந்தாளிகள் வந்தால் அதிகம் சொல்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூடத்தில் பத்துப் பேர், டிவி சத்தம், கன்னத்தைக் கிள்ளும் கைகள். நடுவில் நின்று ஒரு குழந்தை கதவு, கதவு என்கிறான். அவனுக்கு வெளியே போகவேண்டும் அம்மா! எழுதிய உங்களுக்கே கேட்கவில்லையா? அப்போது மானத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அக்காவிடம் கொடுங்கள். அவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும், முதலில் எங்கே கேட்டான், அப்போது என்ன நடந்தது, இப்போது எந்த நேரத்தில் சொல்கிறான் என்று எழுதிவரட்டும். பயிற்சி அளிப்பவரிடமும் அதைக் காட்டுங்கள். அப்போதும் அவர் கண்டுகொள்ளாதே என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தாராளமாக அழைத்து வாருங்கள். ஒரு நாள் முன்பே ஆளில்லாத மண்டபத்தை ஒரு சுற்றுக் காட்டிவிடுங்கள். கெட்டிமேளத்துக்கு முன் அவன் வெளியே போய்விட வேண்டும். வாசலை ஒட்டிய நாற்காலியில், அவனுக்குப் பிடித்த ஒருவரோடு உட்காரவையுங்கள். கதவுகள் திறக்கும் என்று அவன் சொன்னதும் அவர் எழுந்துகொள்ளட்டும்.