கூடுதல் நேரம் மட்டும் போதுமா?

மகளுக்குத் தசைச்சிதைவு நோய். ஒரு செமஸ்டருக்கு ஆறு பேப்பர் படிக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. மூன்று எழுதினால் மீதியை ‘அரியர்’ என்கிறார்கள். வழி உண்டா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

ஸ்கிரைப் (மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர்), கூடுதல் நேரம் எல்லாம் தேர்வு நாளுக்கான உதவி. உங்கள் மகளுக்குச் சிரமம் அதற்கு முந்தைய நான்கு மாதங்களில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்யச் சொல்கிறது. ‘பேப்பரைக் குறை’ என்று அதில் நேரடியாக இல்லை. இருந்தாலும் கல்லூரி முதல்வருக்கான மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றோடு கொடுங்கள். வாயால் கேட்டால் ‘யுனிவர்சிட்டி ரூல்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு). ஆண்டுக்கு 120 எடுத்தால் முழுநேரம், 60 எடுத்தால் பாதி வேகம். மெதுவாகப் படிப்பவரைத் தோற்றவராக எண்ணுவதில்லை. நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் வருவது இக்னோ என்கிற, தொலைநிலையில் படிக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்: மூன்றாண்டு பி.ஏ.வை ஆறாண்டுக்குள் முடிக்கலாம், தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஆனால் வகுப்பும் தோழிகளும் போய்விடும். அதனால் அதை முதல் யோசனையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

கையில் பாதிப்பு 30 சதவீதம். 40 இருந்தால்தான் ஸ்கிரைப் என்கிறது கல்லூரி.
– மாணவர், மதுரை

40 என்பது இடஒதுக்கீட்டுக்கான கோடு. அதைக் காட்டி ஸ்கிரைப்பை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசும் 2022 ஆகஸ்டில் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் உண்டு என அரசு மருத்துவமனையில் சான்று வாங்குங்கள். மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம்.

மகனுக்குக் காது கேட்காது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் கட்டாயமா?
– ஒரு தந்தை, சேலம்

இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களுக்கு விலக்கு தரலாம் என்பதும் அதே 17ஆம் பிரிவில்தான் இருக்கிறது. சரி, கேட்கலாம். ஆனால் மகனிடம் பேசாமல் கேட்காதீர்கள். சைகை மொழி தெரிந்த ஆசிரியர் அமைந்தால் ஆங்கிலத்தை எழுதிக் கற்கிறவர்கள் உண்டு. பின்னால் வேலைக்கும் உதவும்.

வயது கூடிவிட்டது, சேரலாமா?
– திருச்சி வாசகி

ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும், உச்ச வயதில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள்.