பைத்தானில் லீப் ஆண்டுகளை எண்ணும்போது ஒன்று ஏன் குறைகிறது?

2000 முதல் 2024 வரை எத்தனை லீப் ஆண்டுகள் என்று பைத்தானின் காலண்டர் மாட்யூலில் உள்ள லீப்டேஸ் ஃபங்ஷனுக்கு, லீப்டேஸ்(2000, 2024) என்று கொடுத்தால் 6 வருகிறது, விரல்விட்டு எண்ணினால் 7 என்கிறீர்கள். இரண்டுமே சரி. எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் போலவே இந்த ஃபங்ஷனும் கடைசி எண்ணைச் சேர்க்காது. 2024-ஐ விட்டுவிட்டது, அவ்வளவுதான். 2025 என்று கொடுங்கள், 7 வந்துவிடும்.

லூப் போட்டு, ஒவ்வொரு ஆண்டாக லீப்பா என்று இஸ்லீப் ஃபங்ஷனைக் கேட்கவும் தேவையில்லை. உள்ளே நடப்பது வெறும் வகுத்தல்: 4-ஆல் வகுபடுபவற்றை எண்ணி, 100-ஆல் வகுபடுபவற்றைக் கழித்து, 400-ஆல் வகுபடுபவற்றைத் திரும்பச் சேர்க்கிறது. அதனால் 2000 லீப், 1900 இல்லை. (எக்செல் மட்டும் இன்றும் 1900-ஐ லீப் என்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று வைத்துக்கொண்ட பிழை அது.)

லீப் நாட்கள் என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. லீப்டேஸ் எண்ணுவது ஆண்டுகளை. 2020 மார்ச் 1 முதல் 2024 ஜனவரி 1 வரை ஒரு பிப்ரவரி 29 கூட இல்லை; ஆனால் லீப்டேஸ்(2020, 2024) 1 என்று சொல்லும். வட்டிக் கணக்குக்கோ வயதுக்கோ நாட்கள் வேண்டுமென்றால் இரண்டு தேதிகளை நேரடியாகக் கழியுங்கள்.

அப்புறம், பழைய ஆவணங்கள். கிரிகோரியன் நாட்காட்டி வந்தது 1582-இல். பிரிட்டன் 1752-இல்தான் மாறியது. அதுவரை அங்கே ஜூலியன் நாட்காட்டி, 4-ஆல் வகுபட்டாலே லீப்; அதனால் 1700 அங்கே லீப் ஆண்டு. பைத்தானோ கிரிகோரியன் விதியையே பின்னோக்கி நீட்டி, இல்லை என்று சொல்லும். ஜாவா மொழியின் பழைய கிரிகோரியன்காலண்டர் கிளாஸ் 1582-க்கு முன் ஜூலியன் விதிக்கு மாறிவிடும், அதனால் 1500-ஐக் கேட்டால் இரண்டு மொழியும் இரண்டு பதில் சொல்லும்.