கேளுங்க சொல்றேன்: மகன் சம்பாதிக்கப்போற காசுக்கு இப்பவே விலை பேசுறாங்க

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க பஹாவ் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்ல இருக்கோம். மகனுக்கு 17 வயசு, ஸ்டேட் யூத் டீம்ல கால்பந்து வெளையாடுறான், லெஃப்ட் விங். ஒருத்தர் வீட்டுக்கு வந்து 30,000 மலேசிய வெள்ளி இப்பவே தர்றேன், பதிலுக்கு 18 வயசுலேர்ந்து 33 வயசு வரைக்கும் பந்துல சம்பாதிக்கிற எல்லாத்துலயும் 15 சதவீதம் எனக்கு தரணும், பெரிய டீமுக்கு போகலன்னா ஒரு காசும் திருப்பி தர வேணாங்கிறாரு. வீட்டுக்காரருக்கு முட்டி போச்சு, குலை வெட்ட போக முடியல. எஸ்டேட்டையும் வித்துட்டாங்க, வீட்ட காலி பண்ணணும், தாமான்ல, வெளி குடியிருப்புல, வீட்டுக்கு டெபாசிட் கட்டணும். இது கடன் இல்லையே, போட்டுடலாமா? நானும் கையெழுத்து போடணுமாம், அந்த எடத்துல பெஞ்சாமின்னு, ஜாமீன்தாரர்ங்கிறதுக்கு மலாய் வார்த்தை, போட்டிருக்கு.
– ஓர் அம்மா, நெகிரி செம்பிலான்

பதில்: இந்த வாரம் கையெழுத்து போடாதீங்க தங்கச்சி. வேணவே வேணாம்னு சொல்ல வரல, வீடு காலி பண்ற நேரத்துல 30,000 வெள்ளி எவ்வளவு பெருசுன்னு எனக்கு தெரியும். ஆனா இப்ப பேப்பர்ல இருக்குற மாதிரியே போடக்கூடாது.

இந்த பழக்கம் அமெரிக்கா பேஸ்பால்ல நல்லா ஊறிப்போன ஒண்ணு. பிக் லீக் அட்வான்ஸ்னு ஒரு கம்பெனி, மைக்கேல் ஷ்விமர்னு முன்னாடி பேஸ்பால் ஆடுனவர் ஆரம்பிச்சது, சின்ன லீக்ல கஷ்டப்படுற பசங்களுக்கு முன்பணம் குடுக்கும், பையன் மேல போயி மேஜர் லீக் சேர்ந்துட்டா அவன் சம்பளத்துல ஒரு சதவீதம் அவங்களுக்கு, சேரலன்னா ஒண்ணும் தர வேணாம். உங்க வீட்டுக்கு வந்தவர் சொல்றதும் அதேதான். பசங்க ஏன் ஒத்துக்கிட்டாங்கன்னா 2023க்கு முன்னாடி அங்க சிங்கிள்-ஏன்ற கீழ்மட்ட லீக்ல ஒரு வருஷ சம்பளமே 11,000 டாலர்தான், 2023ல யூனியன் ஒப்பந்தம் வந்து 26,200 ஆச்சு. பெரும்பாலான பசங்க மேல போகாமலே வீட்டுக்கு திரும்பிடுவாங்க, அவங்களுக்கு வாங்குன காசு லாபம்தான், அத மறைக்க கூடாது. பிரச்சனை ஜெயிச்ச பசங்களுக்குத்தான்.

ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர்னு ஒருத்தர், டொமினிக்கன் நாட்டு பையன். 2017ல 18 வயசுல சுமார் 2 மில்லியன் டாலர் வாங்கிட்டு 10 சதவீதத்துக்கு கையெழுத்து போட்டாரு. 2021ல சான் டியேகோ டீம் அவருக்கு 14 வருஷத்துக்கு 340 மில்லியன் டாலர் ஒப்பந்தம் குடுத்துச்சு, அப்ப கம்பெனி பங்கு எவ்வளவு, 34 மில்லியன். இதுல எனக்கு ரொம்ப உறைச்சது என்னன்னா, அவரோட அப்பாவே மேஜர் லீக்ல வருஷக்கணக்கா ஆடுனவர். அந்த மாதிரி வீட்டு பையனே போட்டுட்டான்னா, நம்ம லயத்து வீட்டுல வந்து உக்காந்து காசு எண்ணி காட்டுனா நம்மால எப்படி நிதானமா யோசிக்க முடியும்.

இன்னொருத்தர் ஃபிரான்சிஸ்கோ மெஹியா, அவரும் அதே நாடு, 360,000 டாலருக்கு 10 சதவீதம். அம்மாவோட வைத்திய செலவுக்காக வாங்குனதா சொல்லி 2018ல கம்பெனி மேல கேஸ் போட்டாரு, அப்புறம் வாபஸ் வாங்கிட்டாரு.

இப்ப உங்க பேப்பருக்கு வருவோம். நம்மூர்ல மகனுக்கு மாசம் 4,000 வெள்ளி சம்பளத்துல ஒரு டீம் கெடைக்குதுன்னு வைங்க. 15 சதவீதம்னா மாசம் 600, வருஷத்துக்கு 7,200. நாலு வருஷம் தாண்டுனதுமே 30,000 அவருக்கு திரும்பிடுச்சு. அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல குடுத்துக்கிட்டே இருக்கணும், மொத்தம் 108,000 வெள்ளி. இது சும்மா உள்ளூர் சம்பளம், சம்பளம் ஏறாமலே போட்ட கணக்கு. வெளிநாட்டுல மாசம் 30,000 சம்பளம் கெடைச்சா ஒரே வருஷத்துல 54,000 போயிடும். இன்னொண்ணும் பாருங்க, 4,000த்துல சேமநிதி கேடபிள்யூஎஸ்பிக்கு 11 சதவீதம் 440 புடிப்பாங்க, இவருக்கு 600, பையன் கைக்கு 2,960தான் வரும், அதுல ரூம் வாடகை, சாப்பாடு, பூட்ஸ், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம்.

பழத்தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், டுரியான் மரம் பூ விடும்போதே பழ வியாபாரி தவுக்கே வந்து மொத்தமா வெல பேசி காசு குடுத்துடுவாரு, காய்ச்சா அவருக்கு லாபம், காத்துல உதுந்தா அவருக்கு நட்டம். அது நியாயமான வியாபாரம், ஏன்னா ஒரு சீசன்தான், அடுத்த வருஷம் மரம் உங்களுது. இவரு பதினஞ்சு சீசன் கேக்குறாரு.

ஃபீஃபா விதிப்படி 18 வயசுக்கு கீழ இருக்குற பையனோட ஒரு கிளப்பே 3 வருஷத்துக்கு மேல புரொஃபெஷனல் ஒப்பந்தம் போட முடியாது தங்கச்சி. சம்பளம் குடுத்து டிரெய்னிங் குடுக்குற கிளப்புக்கே அந்த கட்டுப்பாடு. அப்புறம் "எல்லாத்துலயும்"னு எழுதியிருக்கே, அதுல ஒரு கிளப்லேர்ந்து இன்னொரு கிளப்புக்கு மாறும்போது வர்ற டிரான்ஸ்ஃபர் காசும் சேருதான்னு பாருங்க. சேருதுன்னா அது ஃபீஃபா 1 மே 2015லேர்ந்து தடை பண்ணுன விஷயம், வெளியாளுங்களுக்கு அதுல பங்கே குடுக்கக்கூடாது, மாட்டுனா தண்டனை உங்க பையனுக்கும் வரலாம்.

பெஞ்சாமின் விஷயம்தான் எனக்கு கோவமே வருது. மகனுக்கு 17, நம்ம நாட்டு சட்டப்படி 18 ஆகாதவங்க போட்ட ஒப்பந்தம் பொதுவா செல்லாது, அது அவருக்கும் நல்லா தெரியும். அதனாலதான் உங்கள ஜாமீனா உள்ள இழுக்குறாரு. பையன் ஆடலன்னா காசு தர வேணாம்னு வாயால சொல்றவருக்கு ஜாமீன் எதுக்கு? கேளுங்க அவர, நேராவே கேளுங்க.

அவரு உண்மையிலயே நல்ல மனசோட வந்திருந்தா பேப்பர மாத்த ஒத்துப்பாரு. மொத்தமா இவ்வளவுக்கு மேல வாங்க மாட்டேன்னு ஒரு எல்லை வேணும், குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு, 60,000 வந்ததும் முடிஞ்சிடணும். வருஷம் அஞ்சு ஆறுன்னு கொறைக்கணும். அப்புறம் நம்மூர்ல ரொம்ப முக்கியமானது இது, பங்கு பையன் கைக்கு வந்து சேர்ந்த சம்பளத்துல மட்டும்தான். இங்க எத்தனை கிளப் மாசக்கணக்குல சம்பள பாக்கி வச்சு பசங்கள அலைய விட்டிருக்குன்னு பேப்பர்ல படிக்கிறோம்ல, கிளப் குடுக்காத சம்பளத்துக்கு இவருக்கு 15 சதவீதம் எங்கேர்ந்து தர்றது. அடிபட்டு ஆட முடியாம போனா அன்னைக்கே முடியணும். உங்க பேரு எந்த எடத்துலயும் இருக்கக்கூடாது. இதுக்கெல்லாம் முகம் சுளிச்சாருன்னா வாசல் வரைக்கும் வந்து மரியாதையா அனுப்பி வைங்க.

வீட்டு விஷயத்த இதோட சேக்காதீங்க. எஸ்டேட்ட வித்து வேல போச்சுன்னா பல வருஷம் வேல செஞ்சவங்களுக்கு சட்டப்படி கெடைக்க வேண்டிய நட்டஈடு இருக்கு, மொதல்ல தொழிலாளர் இலாகாவுல போயி கேளுங்க, தோட்ட தொழிலாளர் சங்கத்துலயும் கேளுங்க. வீட்டுக்காரருக்கு வேலையிலதான் முட்டி போச்சுன்னா தொழிலாளர் காப்புறுதி பாக்குற சொக்சோவுலயும் விசாரிங்க. அது உங்க காசு, அத வாங்காம பையனோட காசுல கை வைக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

கேள்வி: டாட்டிஸ் கதைய நானும் படிச்சேன் அக்கா. 34 மில்லியன் குடுத்தாலும் 306 மில்லியன் அவன்கிட்ட இருக்கு. சொன்ன வாக்க மீறி எதுக்கு கேஸ் போடணும்?
– காலேஜ் மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: 2025ல கலிஃபோர்னியாவுல அவர் போட்ட கேஸ் "எனக்கு காசு பத்தல"ன்னு இல்ல தம்பி. இது முதலீடுன்னு பேரு வச்ச கடன், கடன் குடுக்க லைசென்ஸ் வேணும், வட்டிக்கு எல்லை இருக்கு, இவங்க அதுலேர்ந்து தப்பிக்க சதவீதம்னு எழுதிக்கிட்டாங்கன்றதுதான் வாதம். இங்கயும் யோசிச்சு பாருங்க, லைசென்ஸ் வச்ச வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாம குடுத்தா வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல வட்டி கேக்க முடியாது, அடமானம் இருந்தா 12தான். பங்குன்னு எழுதிட்டா அந்த எல்லையே இல்லாம போகுது. இருந்தாலும் உங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, கம்பெனியும் நூறு பசங்களுக்கு குடுத்து அதுல சிலர்கிட்டதான் எடுக்குது, ஜெயிச்சவன் தர்றதுலதான் தோத்தவனுக்கு குடுத்த காசு ஈடாகுது. அதுக்கு 2 மில்லியனுக்கு 34 மில்லியன்னு 17 மடங்கு வேணுமான்றதுதான் என் கேள்வி, வேணாங்கிறதுதான் என் பதில்.

கேள்வி: என் தம்பி 17 வயசுல இந்த மாதிரி ஒண்ணுல கையெழுத்து போட்டு காசும் வாங்கிட்டான். அடுத்த மாசம் 18 ஆகுது. ஏஜென்ட் ஏதோ புது ஃபாரம் கொண்டு வர்றேங்கிறாரு.
– ஓர் அக்கா, பாகான் செராய்

பதில்: அந்த புது ஃபாரம்ல தம்பி கண்டிப்பா கையெழுத்து போடக்கூடாதும்மா. பழைய பேப்பர் செல்லாதுன்றதாலதான் 18 ஆனதும் ஓடி வர்றாங்க. பழைய பேப்பரோட ஒரு காப்பிய கேட்டு வாங்குங்க, தரலன்னா வாட்சாப்ல கேளுங்க, கேட்டதுக்கு ஆதாரம் இருக்கும். வாங்குன காசு பேங்குல வந்ததா கையில வந்ததான்னு தேதியோட எழுதி வைங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வக்கீல் மன்றத்தோட சட்ட உதவி மையத்துக்கு போங்க, மாநிலத்துக்கு மாநிலம் இருக்கு. பிறந்தநாளுக்கு முன்னாடியே போங்க.