மழை 'டேப்பர் ஆஃப்' ஆனால் உரம் போடலாமா?

கேள்வி: 'டெல்டா மாவட்டங்களில் செவ்வாய் முதல் மழை டேப்பர் ஆஃப் ஆகும்' என்று ஆங்கில நாளிதழில் போட்டிருந்தது. அன்றைக்கு மழை நின்றுவிடும் என்றுதானே பொருள்? தாளடி நெற்பயிருக்கு மேலுரம் போட வேண்டும்.
*– வாசகர், மன்னார்குடி*

பதில்: உர மூட்டையை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். செவ்வாயன்று மழை குறையத் தொடங்கும் என்றுதான் அந்த வரி சொல்கிறது. எப்போது நிற்கும் என்பது அதில் இல்லை. திங்களன்று கொட்டியது செவ்வாயன்று விட்டுவிட்டுப் பெய்து, புதனன்று தூறலாகி, அப்படியே ஓய்ந்தால் அது டேப்பர் ஆஃப். சட்டென்று நின்றுபோனால் வெறும் 'ஸ்டாப்'.

கவனிக்க வேண்டியது கிழமைக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லை. 'ஃப்ரம் டியூஸ்டே' என்றால் சரிவின் தொடக்கம். 'பை டியூஸ்டே' என்றால் செவ்வாய்க்குள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். 'ஆஃப்டர் டியூஸ்டே' என்றால் செவ்வாய் முடியும்வரை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உரம் போட நாள் பார்க்கிறவருக்கு இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நாள்.

'மழை வெறிச்சிடுச்சு' என்று நாம் சொல்வது முடிவைக் குறிக்கும். அதற்கு நெருக்கமான ஆங்கிலம் 'லெட் அப்'. அதையும் பெரும்பாலும் 'விடவே இல்லை' என்று எதிர்மறையில்தான் சொல்வார்கள். எப்படியானாலும், வயலில் தேங்கிய தண்ணீரை வடித்த பிறகே யூரியாவைத் தூவுங்கள். பெய்கிற மழையில் போட்டால் அது வாய்க்காலுக்குத்தான் உரம்.

கேள்வி: லேத் பட்டறையில் 'டேப்பர்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
*– வாசகர், தஞ்சாவூர்*

பதில்: ஒரே சொல்தான். டேப்பர் என்பது ஆங்கிலத்தில் மெல்லிய மெழுகுத்திரியின் பெயர். நுனி சிறுத்த அதன் வடிவத்திலிருந்து 'சிறுத்துக்கொண்டே போதல்' என்ற வினை பிறந்தது. உருவம் சிறுத்தால் பெரும்பாலும் 'டேப்பர்' மட்டும் போதும். உங்கள் ஊர்ப் பெரிய கோயில் விமானம் 13 நிலைகளாகக் குறுகி ஏறுவதை அப்படித்தான் எழுதுவார்கள். மழை, கூட்டம், விற்பனை போல அளவு குறையும்போது 'ஆஃப்' சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரப் பக்கங்களில் இந்தச் சொல் 2013-ல் பிரபலமானது. மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வாங்கிவந்த அமெரிக்க மத்திய வங்கி, அதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மே மாதம் கோடி காட்டியது. அந்தப் பேச்சும் ஒரு காரணமாக, ஆகஸ்ட்டில் டாலருக்கு நம் ரூபாய் 68-ஐத் தாண்டிவிட்டது. குறைப்பு நடைமுறைக்கு வந்ததோ அடுத்த ஜனவரியில்தான்!

கேள்வி: அம்மாவின் மருந்துச் சீட்டில் பிரெட்னிசலோன் மாத்திரைக்குப் பக்கத்தில் 'டேப்பர்' என்று எழுதியிருக்கிறது. குணமானதும் நிறுத்திவிடலாமா?
*– வாசகி, கும்பகோணம்*

பதில்: கூடாது. உதாரணத்துக்கு 40 மி.கி., பிறகு 30, 20, 10, 5 என்று இறங்கி நிறுத்துவதுதான் டேப்பர். எத்தனை நாளைக்கு ஒரு படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டைத் தொடர்ந்து வெளியிலிருந்து கொடுத்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அது மீண்டும் விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். திடீரென்று நிறுத்தினால் கடும் அசதி, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் வரலாம். சீட்டில் படிக்கணக்கு இல்லையென்றால் இன்றே போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: டெயில் ஆஃப், டை டவுன், வேர் ஆஃப், பீட்டர் அவுட் எல்லாமே குறைவதுதானே? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா?
*– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்*

பதில்: டெயில் ஆஃப் உங்கள் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரும்போது எப்படி இளைத்திருக்கும்? அந்த வால்தான் இந்த டெயில். பேசிக்கொண்டே வந்த குரல் கடைசியில் கேட்காமல் தேய்வதற்கும் இதுவே.

டை டவுன் என்பது கொந்தளித்தது தணிவது: காற்று, தீ, கூச்சல், வதந்தி. வேர் ஆஃப் பெரும்பாலும் ஒன்றின் விளைவோ உணர்வோ மெல்ல மறைவதற்கு. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசி வேர் ஆஃப் ஆகும்.

பீட்டர் அவுட்டில் கொஞ்சம் ஏமாற்றம் கலந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சுரங்கங்களில், தோண்டத் தோண்டத் தாதுப்படிவம் மெலிந்து ஒன்றுமில்லாமல் போனதைச் சொன்ன வார்த்தை. நம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். டேப்பர் ஆஃபில் அந்த ஏமாற்றம் கிடையாது.

தேர்வில் இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும். மழை தானாகக் குறைகிறது, அதை யாரும் குறைப்பதில்லை. ஆகவே 'தி ரெயின் டேப்பர்டு ஆஃப்' என்று எழுத வேண்டும், நடுவே 'வாஸ்' வரக் கூடாது. இன்னொன்று எழுத்துப்பிழை. டேப்பருக்கு ஒரே ஒரு 'பி'. இரண்டு போட்டால் அது டாப்பர், கள் இறக்குகிறவர்.