குடோன் காக்கும் அதிகாரி

அன்புள்ள ஐயா,

கரூரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ராணுவத்தில் ஆயுதங்களுக்கும் வெடிமருந்துக்கும் பொறுப்பான ஆர்ட்னன்ஸ் அதிகாரியாக ஆசை. "குடோன் காக்கவா இவ்வளவு படிப்பு?" என்கிறார் அப்பா. நீங்கள் அங்கே இருந்தவர். அவருக்கு என்ன பதில் சொல்ல?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

அப்பா சொல்வது சரிதான், குடோன்தான். துப்பாக்கி செய்வது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடங்களில். பழுது பார்ப்பது இ.எம்.இ. என்ற ராணுவப் பொறியியல் பிரிவு. வாங்கி வைத்து, கணக்கு எழுதி, கேட்ட நாளில் கேட்ட இடத்துக்கு அனுப்புவது நாங்கள். பூட்ஸும் கம்பளியும்கூட எங்கள் கணக்கில்தான் வரும்.

ஆனால் வெடிமருந்துக் கணக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் லாட் நம்பர், அதாவது ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண், இருக்கும். எங்கோ ஒரு குண்டு சரியாக வெடிக்கவில்லை என்றால் அந்த லாட் முழுவதையும் நிறுத்த வேண்டும். எந்த ஷெட்டில் எத்தனை பெட்டி என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில், ஒரு மே மாதம், கிடங்கின் தலைவரான கமாண்டன்ட் என்னை ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப்போனார். பீரங்கிக் குண்டு காட்டப்போகிறார் என்று நினைத்தேன். குனிந்து சுவரோரம் காய்ந்த புல்லை ஒரு பிடி பிடுங்கி என் கையில் வைத்தார். இந்த வாரம் முழுக்க இதுதான் வேலை என்றார். எனக்கு எரிச்சல். புல் வெட்டவா அதிகாரியானேன்?

2000 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் பரத்பூர் வெடிமருந்துக் கிடங்கு எரிந்தது. தீ பிடித்தது புல்லில். அன்றைக்குத்தான் அவர் கொடுத்த அந்தப் பிடி புல் எனக்குப் புரிந்தது. 2016 மே 31 அன்று மகாராஷ்டிரத்தின் புல்காவ் கிடங்கில் தீயணைக்கப் போய் இறந்தவர்களில் இரண்டு பேர் அதிகாரிகள். அப்பாவிடம் இதையும் மறைக்காதீர்கள்.

வழி ஒன்றும் புதிரில்லை. தேர்வானால் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி, அப்புறம் ஜபல்பூரில் வெடிமருந்துப் பாடம். 1992இல் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியபோதே ஆர்ட்னன்ஸில் அவர்களுக்கு இடம் இருந்தது. நிரந்தரக் கமிஷனுக்குத்தான், அதாவது ஓய்வு வயது வரை பணியில் இருக்கும் உரிமைக்குத்தான், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயம். எந்தப் பிரிவு என்று விருப்பம் கேட்பார்கள். ஆனால் பயிற்சியில் எடுத்த ரேங்கையும் காலியிடத்தையும் பார்த்துத்தான் தருவார்கள். உணவும் எரிபொருளும் வழங்கும் ஏ.எஸ்.சி. பிரிவு கிடைத்தால் அரிசி, பருப்பு, டீசல் குடோன். அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.