திமிர் இல்லைங்க, முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயசு, நாலாங் கிளாஸ். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நானும் அவங்கப்பாவும் மாத்தி மாத்தி ஷிப்ட் பாக்கறோம். ‘எழுதறதைப் பாதில விட்டுட்டு வெளிய பாக்கறான், எடத்துல உக்கார மாட்டேங்கறான்’னு மூணு மாசமா மிஸ் டைரில எழுதியனுப்பறாங்க. செல்போனைக் குடுத்தா ரெண்டு மணி நேரம் அசையறதில்லை. அப்ப இது திமிருதான்ங்கறாரு அவங்கப்பா. அவங்க ஆத்தா வல்லாரை லேகியம் வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க. என்னங்க பண்றது?
– வாசகி, சோமனூர்

பதில்: செல்போன் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். அதில் சில நொடிக்கு ஒரு தடவை படம் மாறுகிறது, தொட்டதும் பலன் கிடைக்கிறது. அங்கே கவனத்தைப் பிடித்து வைப்பது போன்தான், பையன் இல்லை. வகுப்பில் அந்த வேலையை அவனே செய்ய வேண்டியிருக்கிறது. கவனக்குறைவு உள்ள பிள்ளைகளும் போன் முன்னால் அசையாமல்தான் உட்காருவார்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வார்த்தை ‘மூணு மாசமா’ என்பது. ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவு திடீரென்று முளைப்பதில்லை. 12 வயதுக்குள் அறிகுறிகள் தெரிய வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தொல்லை இருக்க வேண்டும். அதனால் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு டைரிகளைத் தேடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் இதே புகார் இருந்தால் ஒரு வழி. இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு முன் என்ன மாறியது என்று யோசியுங்கள். பெஞ்சு மாறியதா, மிஸ் மாறினாரா, உங்கள் ஷிப்ட் மாறியதா, சளி பிடித்து விடாமல் இருந்ததா?

சளியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நடுக்காதில் நீர் கோத்தால் வலியே இல்லாமல் காது மந்தமாகும். தறிச் சத்தத்தில் எல்லோரும் உரக்கப் பேசிப் பழகிய வீட்டில் அது தெரியாமலே போய்விடும். கேட்காத பிள்ளை, கவனிக்காத பிள்ளையாகத்தான் வகுப்பில் தெரிவான். எனவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை, கண் மருத்துவரிடம் பார்வைச் சோதனை, இரண்டும் முதல் வேலை. வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறானா என்பதையும் சொல்லுங்கள். மூக்கடிச் சதை வளர்ந்து தூக்கம் கெட்டால் பகலில் துறுதுறுப்பும் எரிச்சலும் வரும். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். ராத்திரி ஷிப்டு முடிந்து நீங்கள் வரும்வரை முழித்திருந்தால் கிடைக்காது.

இன்னொன்று: ‘வெளிய பாக்கறான்’ என்பது ஐந்து, பத்து நொடி அப்படியே உறைந்து, தோளைத் தொட்டாலும் தெரியாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்குவதா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வீட்டில் நடந்தால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், வகுப்பில் உதவியை இன்றே தொடங்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று பையனுக்குத் தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில்தான் முடிவதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் திட்டுவது காலை பத்து மணிக்கு எந்த உதவியும் செய்யாது. மிஸ்ஸிடம் நீளமாகப் பேச வேண்டாம். ஜன்னலும் கதவும் இல்லாத பக்கமாக முன் பெஞ்சு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலையைச் சொல்வது, நடுவில் கரும்பலகை துடைக்கவோ நோட்டு எடுத்து வரவோ அனுப்புவது, இவ்வளவு கேட்டால் போதும்.

கூடவே தபால் அட்டை அளவில் ஒரு அட்டை. மூன்று வேலைகள் மட்டும்: வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டான், கொடுத்த கணக்கை முடித்தான், கேட்டுவிட்டு எழுந்தான். காலை, மதியத்துக்கு முன், மதியத்துக்குப் பின் என்று மூன்று கட்டம். ஆக 9 டிக். முதல் வாரம் பரிசு எதுவும் பேசாமல் எண்ணிக்கை மட்டும் பாருங்கள். சராசரி 4 வந்தால் இலக்கு 5. எடுத்த எடுப்பில் 9 வைத்தால் மூன்றாம் நாளே அட்டை ‘காணாமல்’ போய்விடும். வாங்கிய டிக்கைச் சேட்டைக்காக அழிக்காதீர்கள். பரிசு அன்று சாயங்காலமே கிடைக்க வேண்டும்: அப்பாவோடு கால்மணி நேரம் கேரம், தெருவில் ஒரு சுற்றுச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை கோவைக்குக் கூட்டிப்போகிறேன் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் மாதிரி. இரண்டு வாரத்தில் அந்தப் பரிசு சலித்துவிடும், மாற்றுங்கள்.

வீட்டுப்பாடம் தறி ஓடாத அறையிலோ, பக்கத்து அமுச்சி வீட்டிலோ நடக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு டைமர் வைத்து எழுதவிட்டு, மூன்று நிமிஷம் ஓடவிட்டு, மறுபடி பத்து. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால்கூடப் போதும். கண்ணில் ஆள் படவேண்டும். வாசிக்கும்போது எழுத்துக் கூட்டுவதிலேயே திணறுகிறான் என்றால் கற்றல் குறைபாட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏ.டி.ஹெச்.டி.யும் அதுவும் சேர்ந்து வருவது சகஜம். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. தனிப் பெயராக இல்லை. தேர்வுச் சலுகை கேட்கும்போது இந்த வித்தியாசம் உதவும்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் மாறவில்லை, அல்லது பழைய டைரிகளிலும் இதே கதை என்றால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. யாரைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் பேசலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் ஏ.டி.ஹெச்.டி.யைக் காட்டாது. வீட்டிலும் பள்ளியிலும் நிரப்பித் தரும் கேள்வித்தாளும் நீங்கள் சொல்லும் விவரமும்தான் ஆதாரம். டைரிகள், அந்த அட்டைகள், ஆடியோகிராம், மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் ஏ.டி.ஹெச்.டி.க்கு மருந்து தந்தால் பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் பெரும்பாலும் காலையில் கொடுப்பார்கள். எடையையும் உயரத்தையும் குறித்துவையுங்கள், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஆத்தா மனசு நோக வேண்டாம்: வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளட்டும். லேகியத்தை மட்டும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல், அந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.