கம்பியை எட்ட இன்னும் எத்தனை மில்லிமீட்டர்? கான்கிரீட் கேள்வி பதில்

லாஸ்பேட்டை: 16 வருஷ வீடு. சீலிங்கில் ஓரிடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது. கார்பனேஷன் சோதனை பண்ணச் சொல்கிறார்கள். அது என்ன, எப்படிச் செய்வது?

சிமெண்ட் இறுகும்போது உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அந்தக் காரம், பிஎச் 12.5-க்கு மேல், கம்பியில் துரு அண்டாமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல நுழைந்து அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடும். இதுதான் கார்பனேஷன். மாறிய இடத்தில் பிஎச் 9-ஐ ஒட்டி இறங்கிவிடும். அது கம்பியை எட்டினால் காவல் போயிற்று.

பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பி தெரியும்வரை உளியால் கொத்துங்கள். தூசியை நன்றாக ஊதித் தள்ளுங்கள். உள்ளிருந்து வந்த தூசி ஓரத்தில் படிந்தால் கெட்ட கான்கிரீட்டும் சிவக்கும். காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீனை, ஆல்கஹாலில் 1 சதவீதம் கரைத்து, உடனே தெளியுங்கள். சில நொடிகளில் உள்பக்கம் காகிதப்பூ நிறத்துக்கு வரும், வெளி ஓரம் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டையை நாலைந்து இடத்தில் ஸ்கேல் வைத்து அளங்கள். கவரையும், அதாவது கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் கனத்தையும், அளங்கள். இரண்டும் இல்லாமல் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 16 வருஷத்தில் 20 மிமீ என்றால், 20-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுக்க 5. கவர் 25 மிமீ இருந்தால், 25-ஐ அந்த 5-ஆல் வகுக்க 5, அதன் வர்க்கம் 25. ஆக 25-ஆவது வருஷம் எட்டும். உங்களுக்கு இன்னும் 9 வருஷம்.

முத்தியால்பேட்டை: பூச்சின் மேலேயே தெளிக்கலாமா?

கூடாது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

தேவனாம்பட்டினம்: எங்கள் தூணில் முழுக்க பிங்க். ஆனாலும் கம்பி நெடுக விரிசல். சோதனை தப்பா?

சோதனை சரிதான். உங்கள் எதிரி உப்பு. உப்பிலுள்ள குளோரைடு கம்பியில் போய்ச் சேர்ந்தால், காரம் குறையாமலே கம்பி துருப்பிடிக்கும். பினாப்தலீன் உப்பைக் காட்டாது. கடற்கரை வீட்டில் பிங்க் வந்ததும் நிம்மதியாகி விடாதீர்கள். டிரில் போட்டு ஒவ்வொரு 10 மிமீ ஆழத்துக்கும் தனித்தனியாகத் தூள் எடுத்து லேபில் குளோரைடு பாருங்கள்.

நெல்லிக்குப்பம்: அப்படியென்றால் பிபிசி (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்டே வேண்டாமே? சாம்பல் கலந்தால் கார்பனேஷன் வேகமாகும் என்று படித்தேன்.

முதுநகர் (மேஸ்திரி): சார், பிபிசிதான் கடலோரத்துக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சாம்பல் அந்தக் காரத்தைத் தின்றுதான் வலுவாகிறது, அதனால் கார்பனேஷனைத் தடுக்கக் கையிருப்பு குறைவு. அதே சாம்பல் துளைகளைச் சிறிதாக்கி உப்பை நன்றாகத் தடுக்கும். கடலோரத்துக்கு நான் பிபிசி பக்கம்தான். ஆனால் போதிய நாள் தண்ணீர் காட்டி ஈரமாக வைக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, சாதா சிமெண்டுக்கு 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு குறைந்தது 10 நாள், 14 வரை நீட்டலாம் என்கிறது. மேஸ்திரி, உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை நாள் விடுகிறீர்கள்?

முதுநகர்: நாலு நாள் சார். அப்புறம் சாக்கு காய்ந்துவிடும்.

இதுதான் விஷயம். நாலு நாளில் சாம்பல் வேலையையே தொடங்கியிருக்காது. சிமெண்டை மாற்ற வேண்டாம், சாக்கை ஈரமாக வையுங்கள்.

நெல்லிக்குப்பம்: 53 கிரேடு ஓபிசி (சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட்) போட்டால் நாலு நாள் போதாதா?

போதாது. கிரேடு என்பது வலிமை. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபட ஈரம் வேண்டும். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு அதே ஐஎஸ் 456 எம்30 என்ற வலிமைத் தரம், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45, கவர் 45 மிமீ கேட்கிறது. 53 என்று மூட்டையில் அச்சடித்திருப்பதால் இதில் எதுவும் தானாக வந்துவிடாது.

அரியாங்குப்பம்: பழைய சுண்ணாம்புச் சுவர் காற்றால்தானே கெட்டியாகிறது? கான்கிரீட்டை மட்டும் ஏன் கெடுக்கிறது?

ஒரே வேதிவினைதான். சுண்ணாம்புச் சுவருக்குள் கம்பி இல்லை.

கடலூர் ஓ.டி.: லேபில் 3 சதவீத கார்பன் டை ஆக்சைடு அறையில் வைத்த ரிப்போர்ட் இருக்கிறது. வீடு எத்தனை வருஷம் வரும்?

அது இரண்டு கலவைகளை ஒப்பிடத்தான். வருஷக் கணக்குக்கு உங்கள் வீட்டில் உடைத்துப் பார்த்த ஆழம் வேண்டும்.

வில்லியனூர்: பூச்சு மேல் தெளித்தேன், நிறம் வரவில்லை...

பூச்சைத் தட்டுங்கள். தூசியை ஊதுங்கள். பிறகு எழுதுங்கள், கவர் அளவோடு.